சனிக்கிழமைக்காரர்

அவிநாசிபாளையம்
9 செப்டம்பர் 2024

சிவன்மலை ஆண்டவர் துணை

சீமையில் டாக்டராக இருக்கும் பேத்தி ஜனனிக்கு அம்மாயி கருப்பாத்தாள் எழுதுவது. கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. காதுதான் போனது போனதுதான். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே, கண்ணு?

உன் மாமன் வேல்குமார் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "அம்மா, ஜனனி பேசுது, பாருங்க" என்கிறான். பார்த்தேன். நீ மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாய். இருபத்திரண்டு வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காதுக்கு அந்தப் போன் ஒரு கொசு. அதனால் எழுது. நாற்பத்தஞ்சு வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள் நான். படித்துவிடுவேன்.

கணக்கெடுக்க நீ அனுப்பிய சுரேந்தர் வந்தான். தேனிப் பக்கத்துப் பையன். என் காதுக்குள் வாயை வைத்து, "பஞ்சு மில்லுல வேலை பார்த்த பழைய ஆளுக யாராச்சும் தெரியுமா பாட்டி?" என்று கத்தினான். தெரியுமாவா? காங்கேயம் ரோட்டு ராவுத்தர் மில்லில் எழுபத்தொன்றாம் வருஷத்திலிருந்து யார் எந்த மிஷினில் நின்றார்கள், யார் எந்தப் பண்டிகைக்குச் சொல்லாமல் லீவு போட்டார்கள் என்று சொல்லச் சொல்ல அவன் முழித்தான். "செத்தவங்க பேரு வேண்டாம் பாட்டி" என்றான். அவர்களைக் கழித்து நாற்பத்து நாலு பேர் தேறினார்கள்.

என் வீட்டுக்காரர், உன் அப்புச்சி, உயிரோடு இருந்திருந்தாலும் அவர் பேரைக் கொடுத்திருக்க மாட்டேன். மற்ற ஆட்கள் இருமிக்கொண்டாவது மில்லுக்குப் போனார்கள். இவர் சனிக்கிழமை ஆனால் பாயைச் சுருட்ட மாட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விடுவார். முந்தின நாள் எங்கேயோ ஊற்றிக்கொண்டு வந்ததற்கு அது வேஷம். பத்தொன்பது வருஷம் பார்த்தேன்.

வருகிற தை வந்தால் உன் அம்மா போய் மூன்று வருஷம். பெற்றவள் பிணத்துக்கு நீ வரவில்லை. அதை எழுத இந்தக் காகிதம் பத்தாது. விடுகிறேன்.

மழையில் நனையாதே.

கருப்பாத்தாள்


லங்காஷயர்
2 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மாயிக்கு,

ஜனனியின் வணக்கம். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அதாவது சளி, தும்மல் தவிர. முட்டிவலிக்குக் கொடுத்த களிம்பைத் தடவுகிறீர்களா? மாமா வீட்டில் எல்லோரும் சுகமா?

நாற்பத்து நாலு பேர்! என் மேலதிகாரி அம்மாவிடம் சொன்னேன். "உங்கள் பாட்டியை நாம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. வந்து ஒன்பது வருஷம். முதலில் பரீட்சை, அப்புறம் யாரும் போக விரும்பாத ஆஸ்பத்திரிகளில் ஆறாறு மாதம். பெட்டியைப் பிரிக்காமலே நாலு ஊர். இப்போது வாரத்தில் மூன்று நாள் நுரையீரல் வார்டு, இரண்டு நாள் ஆராய்ச்சி.

இந்த ஊரும் ஒரு காலத்தில் நம் ஊர் மாதிரிதான். தெருவுக்கு ஒரு பஞ்சு மில். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு நோய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவில் மூச்சு சும்மா இருக்கும். திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். செவ்வாய், புதன் என்று போகப் போகத் தேறும். வருஷங்கள் போனால் எந்த நாளும் தேறாது. புகையால் வரும் இருமல் கிழமை பார்க்காது. பஞ்சுத் தூசியால் வருவது திங்கட்கிழமை பார்க்கும். அதுதான் அடையாளம்.

நம் பக்கத்துப் பழைய மில்காரர்களுக்கும் அது வந்தது, யாரும் பேர் வைக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். மார்ச் மாதத்துக்குள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நானும் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மா விஷயம். அன்றைக்கு என்

ஒரு வரி அடித்துவிட்டேன், மன்னியுங்கள். களிம்பை மறக்காதீர்கள்.

உங்கள் பேத்தி
ஜனனி


அவிநாசிபாளையம்
28 அக்டோபர் 2024

சிவன்மலை ஆண்டவர் துணை

பேத்தி ஜனனிக்கு, முட்டி வலிக்கிறது, களிம்பு தீர்ந்துவிட்டது, மற்றபடி குறை இல்லை. நீ தும்மிக்கொண்டேவா வைத்தியம் பார்க்கிறாய்? சுக்குப் போட்டுக் குடி.

உன் கேள்விக் காகிதத்தைச் சுரேந்தர் வாசலில் வைத்தே எல்லோரிடமும் கேட்டான். ராமாயியை நீ பார்த்திருக்கிறாய், என் கூட்டாளி, மில்லில் பஞ்சு பொறுக்கியவள். அவளிடம், "திங்கட்கிழமைகளில் மார்பு இறுக்கம் உண்டா?" என்று கேட்டான். ராமாயி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏனுங்க தம்பி, ரவிக்கையப் பத்தியா கேக்கறீங்க?" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன் காது சிவந்து போயிற்று. அப்புறம் நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். "திங்கக்கெழமையா? அதெல்லாம் இல்லீங்க, திங்கக்கெழமை நல்லாத்தான் இருக்கும்" என்றாள். இல்லை என்று போட்டுக்கொண்டான். அடுத்து வந்தவர்களும் இல்லை, இல்லை. அந்தக் காகிதத்தை யார் தமிழில் எழுதினது? ஆபீசரா?

அப்புறம் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னான். அதில் பாதிப் பேர் ஊத முடியாமல் மடங்கி உட்கார்ந்தார்கள்.

நீ அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "பாஸ்" என்று மட்டும் தெரிகிறது. யார் பாஸ் ஆனார்கள்? அம்மா செத்த அன்றைக்கும் பரீட்சைதானா உனக்கு?

இது வருவதற்குள் தீபாவளி போயிருக்கும், ஆனாலும் எண்ணெய் தேய்த்துக் குளி.

கருப்பாத்தாள்


லங்காஷயர்
5 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மாயிக்கு,

வணக்கம். உங்கள் முட்டிக்குக் களிம்பு தனியாகப் பார்சலில் வருகிறது. மாமாவுக்கும் முட்டி வலித்தால் அவரையும் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்குத் தும்மல் நின்றுவிட்டது, தூக்கம் நிற்கவில்லை. நின்றபடியே தூங்குகிறேன்.

காகிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. நாற்பத்து நாலு பேரில் இருபத்தொன்பது பேருக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போயிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக் கேள்விக்கு "ஆம்" என்று சொன்னவர் ஒரே ஒருவர், வீரன் என்று ஒரு பெரியவர். ஒரே ஒருவர், அம்மாயி. ஒன்றை வைத்துக்கொண்டு நான் எதையும் காட்ட முடியாது. மேலதிகாரி அம்மா நல்லவர்தான். டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "விறகு அடுப்பு, பீடி, அவ்வளவுதான் இருக்கும் ஜனனி. கௌரவமாக முடித்துக்கொள்வோம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வாதாடுவதற்குத் தெம்பு இல்லை.

குளிர் வந்தால் இங்கே வார்டு நிரம்பி வழியும். நடைவழியில் கட்டில் போட்டுப் பார்க்கிறோம். நேற்று ஒரு கிழவர், "நீ எப்போது உன் ஊருக்குப் போவாய்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் மகள் ஊருக்குப் போயிருக்கிறாளாம், அந்த நினைப்பில் கேட்டார். அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஏப்ரலில் பெட்டியோடு வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். திருப்பூரில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமலா போகும்?

உங்கள்
ஜனனி


அவிநாசிபாளையம்
6 ஜனவரி 2025

சிவன்மலை ஆண்டவர் துணை

ஜனனிக்கு, களிம்பு வந்தது. சுகத்துக்குக் குறைவில்லை. நீ சாப்பிடுகிறாயா?

பெட்டியோடு வருகிறாயாமே. வர வேண்டிய அன்றைக்கு வரவில்லை. உன் அம்மாவை ஒன்றரை நாள் வைத்திருந்தோம், "டாக்டர் புள்ள வந்துரும், டாக்டர் புள்ள வந்துரும்" என்று. வந்தவர்கள் எல்லாம் வாசலைப் பார்த்தார்கள். உன் மாமன்தான், "எடுத்துரலாங்க, இனி வராது" என்றான். இப்போது வேலையை நடுவில் விட்டுவிட்டு வருவாயாம். கிழமைக்குக் கிழமை வேலையை விடுவது உன் அப்புச்சி ரத்தம்.

சொல்லுகிறேன் கேள். சனிக்கிழமைதோறும் அவர் படுத்ததும் நான் முதலில் ஏழரைச் சனி என்றுதான் நினைத்தேன். ஜோசியரும் கட்டம் பார்த்து அதையே சொன்னார். பதினொரு வாரம் சனி பகவானுக்கு எள் விளக்குப் போட்டேன். பன்னிரண்டாம் வாரமும் படுத்தார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, இது கிரகம் இல்லை, குடி என்று. அவருக்கு மில் லீவு வெள்ளிக்கிழமை, ராவுத்தர் தொழுகைக்குப் போகிற நாள். எனக்குத் தறி லீவு ஞாயிறு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு லீவில் ஒன்றாக வீட்டில் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை அவர் எங்கே போனார், யாரோடு குடித்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால், "குடிக்கலீங்க அம்மணி, மூச்சு வரமாட்டீங்குது" என்பார். வாயில் வாடை வராது. அதுவும் ஒரு சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமைக்காரர் என்று நான்தான் அவருக்குப் பேர் வைத்தேன். மில்லுக்குள்ளும் அந்தப் பேர் நிலைத்துவிட்டது. கடைசியில் அவர் எப்படி மில்லை விட்டார் என்று கேட்காதே.

வருவதும் வராததும் உன் இஷ்டம்.

கருப்பாத்தாள்


லங்காஷயர்
23 ஜனவரி 2025

அம்மாயிக்கு,

உடம்பை அப்புறம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டு மூன்று நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ராவுத்தர் மில்லுக்கு லீவு வெள்ளிக்கிழமையா?

மாமாவுக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமா கண்ணு, அந்த மில்லு வெள்ளிதான் லீவு, ஊருக்கே தெரியுமே" என்றார். ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. இங்கே நூறு வருஷமாக ஞாயிறு லீவு, திங்கட்கிழமை நோய். அதை அப்படியே தமிழில் எழுதி அனுப்பினேன். "திங்கட்கிழமை நல்லாத்தான் இருக்கும்" என்று ராமாயி ஆயா சொன்னது முழு உண்மை. திங்கட்கிழமை அவருக்கு வேலையில் மூன்றாம் நாள். மூச்சு தேறிவிட்ட நாள். "ஆம்" என்று சொன்ன வீரன் பெரியவர் பிற்பாடு பல்லடத்தில் ஞாயிறு லீவு விடும் மில்லில் இருந்தவராம்.

அந்த மில்காரர்களுக்கு அது சனிக்கிழமைதான் வரும், அம்மாயி.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். அப்புச்சி குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தூசி இல்லாமல் இருந்த நெஞ்சு, சனிக்கிழமை தூசிக்குள் போகும்போது அடைக்கும். அவருக்கு மற்றவர்களைவிட அதிகம். அதனால் மில் வாசலை நினைத்தாலே பயந்திருப்பார்.

இன்னொன்று. சிறுவயதில் அம்மா எனக்குத் தலை வாரும்போதெல்லாம் சொல்வார், "வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தா எங்கப்பன்தான் எனக்கு எண்ணெய் தேச்சுத் தலைக்கு ஊத்துவாரு, சிக்கெடுத்துப் பின்னி விடுவாரு" என்று. வெள்ளிக்கிழமை அவர் எங்கே போனார் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள்
ஜனனி


லங்காஷயர்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாயிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சுரேந்தர் மறுபடியும் எல்லோர் வீட்டுக்கும் போனான். கேள்வியை மாற்றிவிட்டோம். கிழமையே இல்லை. "லீவு முடிஞ்சு மறுநாள் மில்லுக்குள்ள போனா நெஞ்சு எப்படி இருந்துச்சு?" அவ்வளவுதான். ராமாயி ஆயா, "கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கும், அதை ஏன் தம்பி அன்னைக்கே கேக்கல?" என்றாராம். நாற்பத்து நாலில் முப்பத்தொரு பேர் "ஆம்."

மேலதிகாரி அம்மா காகிதங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்புறம், "நாம் எத்தனை நாடுகளில் திங்கட்கிழமை என்று கேட்டிருப்போம்?" என்றார்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜனனி


லங்காஷயர்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாயிக்கு,

ஆராய்ச்சியை மூன்று வருஷம் நீட்டியிருக்கிறார்கள். விசாவும் கூடவே. இந்தச் செய்தி வந்த அன்று வார்டில் இரண்டு சாவு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களாம், யாரோடும் பேசுவதில்லையாம். மாமா சொன்னார். நான் அதை எழுதியிருக்கக் கூடாதோ? நோயாளிகளிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உட்கார வைத்து, கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்பார்கள். உங்களுக்கு நான் தபாலில் சொன்னேன்.

என் மேல் கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள்.

ஜனனி


அவிநாசிபாளையம்
2 ஜூன் 2025

சிவன்மலை ஆண்டவர் துணை

பேத்தி ஜனனிக்கு அம்மாயி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். நீயும் தூங்கிச் சாப்பிட்டு இருக்க வேண்டும்.

உன் மூன்று கடிதமும் வந்தன. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன், உனக்குத் தெரியாதா?

மாசி மாதம் முழுக்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ராமாயி வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தறியிலிருந்து வரும்போது உன் அம்மா பளபளவென்று பின்னிய தலையோடு நிற்பாள். நான் ராமாயி பின்னி விட்டாள் என்றே நினைத்தேன். அவளுக்கும் வெள்ளி லீவுதானே. நாற்பது வருஷம் கழித்துக் கேட்டேன். "நானா?" என்றாள். "எனக்கு எங்கடி நேரம்? உன்ற ஊட்டுக்காரரு, லிங்கசாமி அண்ணந்தான் பின்னும். பொம்பள வேலை பாக்கறான்னு நீ சிரிப்பேன்னு சொல்ல வேண்டாம்னுச்சு." ஏனடி சொல்லவில்லை என்றேன். "நீ எங்க கேட்ட? நீ அவரத் திட்டறதைத்தான் நாங்க கேட்டோம்" என்றாள். அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

சுரேந்தரிடம் ஒரு காகிதம் வாங்கி நானே நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். "செத்தவங்கள சேர்க்க மாட்டாங்க பாட்டி" என்றான். சேர்க்காவிட்டால் நீ வைத்துக்கொள். பெயர் லிங்கசாமி. மில் ராவுத்தர் மில். சேர்ந்தது எழுபத்தொன்று ஆடி. லீவு முடிந்து மறுநாள் நெஞ்சு எப்படி இருந்தது என்ற இடத்தில், "மூச்சு வரமாட்டீங்குது" என்று எழுதியிருக்கிறேன். அவர் சொன்னது அதுதான், ஒரு எழுத்து மாற்றவில்லை. பீடி இல்லை. குடி என்ற கேள்வியில் இல்லை என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பகல் ஆயிற்று.

வேலையை விட்டது எப்போது, எதனால் என்று கேட்டிருக்கிறாய். தொண்ணூறாம் வருஷம் புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை. "இன்னைக்கு மட்டும் உடுங்க அம்மணி" என்றார். நான் அவர் அடியிலிருந்து பாயை உருவினேன். எழுந்து போனார். மத்தியானம் ராவுத்தரே தன் காரில் போட்டுக் கொண்டு வந்தார். அதற்கப்புறம் மூன்று வருஷம் அவர் படுத்துத் தூங்கவில்லை, உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராவுத்தரும் பிற்பாடு இருமித்தான் போனார். அந்த இடத்தில் மூன்று வரிதான் விட்டிருந்தாய், ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறேன். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் சம்சாரம் என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

நீ அடித்த வரியை மறுபடியும் எடுத்து வேல்குமாரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டுன்னு இருக்கும்மா. அப்ப ஜனனி பாஸ்போர்ட்டு விசா ஆபீசுல மாட்டீருந்துச்சு. உங்ககிட்டச் சொன்னா, சாக்குச் சொல்றாள்னு திட்டுவீங்கன்னு ஜனனிதான் சொல்ல வேண்டாம்னுச்சு" என்றான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. என்னைச் சுற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவன் சொன்னது எனக்குப் போதாது. நீ வரவில்லை, வரவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். ஏன் வரவில்லை என்று உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன் அம்மா போன அன்றைக்கு நீ எங்கே இருந்தாய், என்ன செய்தாய், யார் உன் பக்கத்தில் இருந்தார்கள்? காகிதம் எத்தனை ஆனாலும் சரி.

அடிக்காமல் எழுது, கண்ணு.

அம்மாயி
கருப்பாத்தாள்